பட்டு பார்க்கும் திசை

அன்று காலை பட்டு அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பிரிசில்லா சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, தோள்பையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வழக்கம்போல ஹால் ஜன்னலோரம் மேசைமேல் இருந்த சின்னக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் குனிந்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி முடித்து, பஸ் ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்கத் தூங்கி, ஆம்பூரில் இறங்கி, கத்திரி வெயில் அப்போதே கொளுத்தத் தொடங்கிவிட்ட தெருவைக் கடந்து மாடியேறி வரும் அந்த நேரத்தில், அந்த வீட்டில் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க இருந்த ஒரே ஜீவன் அதுதான். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிலந்தி. சாம்பல் நிறத்தில் மெத்தென்ற ரோமம். மூலையில் வலை கட்டித் தொங்குகிற ஜாதி இல்லை. இரையைக் கண்ணால் பார்த்து, பூனைபோலப் பதுங்கி, பாய்ந்து பிடிக்கிற தாவும் சிலந்தி. முகத்தில் இரண்டு பெரிய கருங்கண்கள், அவற்றைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக இன்னும் ஆறு. கிட்டே யாராவது வந்தால் உடம்போடு திரும்பி, முகத்தை நிமிர்த்தி, நேருக்கு நேராகப் பார்க்கும். பிரிசில்லாவுக்கு முதலில் அதுதான் பிடிக்காமல் இருந்தது. பிறகு அதற்காகத்தான் வீட்டுக்கு வருவதுபோல் ஆகிவிட்டது.

அன்று அது ஜன்னல் பக்கமாக இல்லாமல், பெட்டியின் அறைப்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அவளுடைய இடது தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் திரும்பினாள். பெட்ரூம் கதவு, பாதி திறந்தபடி. பக்கத்தில் வெறும் சுவர். பல்லியாக இருக்கும் என்று நினைத்து டியூப்லைட்டுக்குப் பின்னால், சர்ச் காலண்டருக்குப் பின்னால், கதவு நிலைக்கு மேலே தேடினாள். பல்லி இல்லை. பெட்டிக்கு முன்னால் விரலை ஆட்டினாள். பட்டு ஒரு நொடி விரலைப் பார்த்தது. அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருப்பவள் பிள்ளை கூப்பிட்டதும் ஒருதரம் திரும்பிவிட்டு மறுபடி அடுப்பைப் பார்ப்பதுபோல, உடனே பழைய இடத்துக்கே முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அது பிரிசில்லா ஆசைப்பட்டு வளர்த்ததல்ல. தங்கை ஃபீபி பெங்களூரிலிருந்து கூரியரில் வரவழைத்தது. ஃபீபிக்கு ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் டிசைன் வேலை. அவள் தனியாக இருக்க வேண்டாம் என்றுதான் அக்காவும் தினமும் வேலூருக்கும் ஆம்பூருக்கும் அலைந்துகொண்டு இந்த மாடி வீட்டில் கூட இருந்தாள். கோடை தொடங்கியதும் கம்பெனி ஃபீபியை நொய்டாவுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. கிளம்புகிற அன்றுதான் அக்காவிடம் சொன்னாள். பெட்டியை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்கக்கூட இல்லை. ரயிலில் உட்கார்ந்துகொண்டு வரிசையாக வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். காலையில் பெட்டியின் ஒரு பக்கக் கண்ணாடியில் மட்டும் தண்ணீர் தெளிக்க வேண்டும், அதன்மேல் படக்கூடாது. கேன் தண்ணீர்தான், இந்த ஊர் போர் தண்ணீரைத் தெளித்தால் உப்புத் திட்டு படிந்துவிடும். ஓட்ஸ் டப்பாவில் வளரும் மஞ்சள் புழுவை வாரத்துக்கு இரண்டு தரம் கொடுத்தால் போதும். வயிறு பட்டாணிபோல இருந்தால் கொடுக்கவே வேண்டாம். ராத்திரி பெட்டியின் மேல்மூலையில் நூலால் நெய்த கூட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும், அதைக் கலைக்கக்கூடாது. தோல் உரிப்பதெல்லாம் முடிந்து பெரிய மனுஷி ஆகிவிட்டாள், இனிமேல் உரிக்க மாட்டாள். அதனால் கூட்டை அடைத்துக்கொண்டு நாள்கணக்கில் வெளியே வரவில்லையென்றால், ஒன்று முட்டை, இல்லையென்றால் முடிவு.

பிரிசில்லா அந்த மெசேஜ்களைக் கேட்டபோது அவளுக்கு இருந்ததெல்லாம் எரிச்சல்தான். வார்டில் ராத்திரி முழுக்க மனுஷர்களுக்குச் செய்துவிட்டு வந்து பூச்சிக்கும் செய்ய வேண்டும். ஆனாலும் செய்தாள். ஃபோர்செப்ஸில் புழுவைப் பிடித்து நீட்டுவாள். பட்டு முதலில் முகத்தைப் பார்க்கும், பிறகு புழுவைப் பார்க்கும், அப்புறம்தான் பாயும்.

திரும்பிப் பார்க்காத அந்தக் காலைக்குப் பிறகு அது அவள் முகத்தைப் பார்ப்பது குறைந்துபோனது. அவள் வரும்போதெல்லாம் பெட்டியின் அறைப்பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. பார்வை ஒரே இடத்திலும் இல்லை. முதலில் கதவு நிலையின் மேல்பக்கம். இன்னொரு நாள் அதற்குக் கொஞ்சம் கீழே, ஆள் உயரத்துக்கு. பிறகு கதவை விட்டு நகர்ந்து காலண்டர் பக்கம். ஒருநாள் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டே அவள் அதைக் கவனித்தாள். பட்டு மிக மெதுவாக, கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதுபோல, இடமிருந்து வலமாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் சுவரைப் பார்த்தாள். பட்டுவைப் பார்த்தாள். ஹாலில் ஒரு ஆள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடந்துபோனால், அவனைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எவ்வளவு திரும்புவாரோ அவ்வளவு திரும்பியது. கடைசியில் பெட்ரூம் கதவுக்கு வந்து நின்றது. முன்னங்கால்கள் இரண்டையும் மேலே தூக்கியது.

இரைக்கு அது பதுங்கும். கால் தூக்குவது பயந்தால் மட்டும்தான். அதுவும் ஃபீபி சொன்னதுதான்.

அன்றைக்குத்தான் வாசனையும் வந்தது. தோல் ஊரில் வாசனைக்கு யாரும் மூக்கைப் பிடித்துக்கொள்வதில்லை. காற்று பாலாற்றுப் பக்கமிருந்து திரும்பினால் சுண்ணாம்பும் ஊறின தோலுமாக ஒரு வீச்சம் தெருவில் வந்து நிற்கும், போய்விடும். ஆனால் அன்று ஜன்னல்கள் எல்லாம் வெயிலுக்குச் சாத்தியிருந்தன. வாசனை பெட்ரூமிலிருந்து வந்தது. உப்பு போட்ட பச்சைத் தோலின் வாசனை, ஈரமாக, கிட்டத்தில். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தது. கொப்புளங்களின் ஓரத்தில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. தெருவில் தார் இளகும் வெயிலில் அந்தச் சுவர் மட்டும் சில்லென்று இருந்தது. பிரிசில்லா, வார்டில் கால் வீங்கின நோயாளியை அழுத்திப் பார்ப்பதுபோல, யோசிக்காமல் கட்டைவிரலால் ஒரு கொப்புளத்தை அழுத்திவிட்டாள். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்று, மெதுவாக, நீர் கோத்த சதைபோல மேலே எழும்பி வந்தது.

அவள் கையைச் சோப்பு போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள்.

வீட்டுக்காரர் முனீர் அகமது பக்கத்துத் தெருவில் இருந்தார். கீழ்த்தளம் அவருடைய பழைய சரக்கு அறை. வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடந்தது. கூப்பிட்டதும் வந்தார். செருப்பைக் கழற்றாமல் ஹாலிலேயே நின்றுகொண்டார். சுவரைக் காட்டியபோது அவர் சுவரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"இது தோல் மண்டியா இருந்த எடம் சிஸ்டர். எங்க தாதா காலத்துல தோலுக்கு உப்பு போட்டு இங்கதான் அடுக்கி வெப்பாங்க. அந்த உப்பு செவுத்துல ஏறிடுச்சு. இன்னா பெயிண்ட் அடிச்சாலும் வெளிய வந்துகினேதான் இருக்கும்."

"உள்ள வந்து ஒரு தபா தொட்டுப் பாருங்க பாய்."

அவர் வரவில்லை. கொத்தனாரை அனுப்புவதாகச் சொன்னார். கொத்தனார் வரமாட்டான் என்பது அவர் குரலிலேயே தெரிந்தது. படியில் பாதி இறங்கியவர் நின்று, திரும்பிப் பார்க்காமலே, "அந்த ரூம்ல படுக்காதீங்க. ஹால்ல படுங்க, காத்து ஜாஸ்தி" என்றார். ஹாலில் ஒரே ஒரு ஜன்னல்தான். அதுவும் காற்று வராத பக்கம்.

அன்று சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்புமுன் ஃபீபிக்குப் போன் செய்தாள். சுவரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. பட்டு சாப்பிடுவதில்லை என்றுதான் ஆரம்பித்தாள். புழுவைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, எந்நேரமும் சுவரையே பார்க்கிறது, கண்ணில் ஏதாவது கோளாறோ என்று கேட்டாள்.

"அவ சும்மா செவுத்தப் பாக்க மாட்டாக்கா" என்றாள் ஃபீபி. "எதனா நகுந்தாத்தான் திரும்புவா."

"இங்க எதுவும் இல்லடி."

ஃபீபிக்குப் பின்னால் யாரோ இந்தியில் பேசிச் சிரிப்பது கேட்டது. பிறகு, "எந்தப் பக்கம் பாக்குறா?" என்றாள்.

"பெட்ரூம் கதவாண்ட. காலண்டர் வரைக்கும்."

"ஹாலுக்கு வந்துடுச்சா?"

எது ஹாலுக்கு வந்துவிட்டது என்று பிரிசில்லா கேட்டாள். ஒருதரம் அமைதியாக, பிறகு கத்தி. ஃபீபி அழ ஆரம்பித்தாள், அழுதுகொண்டே சொன்னாள். எதுவென்று அவளுக்கும் தெரியாது. ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. அப்போது பெட்டி பெட்ரூமில் இருந்தது. பட்டு வந்த முதல் நாளிலிருந்தே கட்டிலுக்குப் பின்னால் சுவரைத்தான் பார்த்தது. அக்கா டியூட்டிக்குப் போன ராத்திரிகளில் அங்கிருந்து ஈரத்துணியை உரிக்கிற மாதிரி சத்தம் வரும். பட்டு பார்த்துக்கொண்டிருந்தால் சத்தம் நின்றுவிடும். அதனால் ராத்திரியெல்லாம் லைட்டைப் போட்டு, கூட்டுக்குள் போகவிடாமல் பெட்டியைத் தட்டித் தட்டி, அதைத் தூங்கவிடாமல் வைத்திருந்தாள். மாதக்கணக்காக. சிலந்திக்குச் சீக்கிரமே வயசாகிப்போனது. கண்ணாடியில் ஏறும்போது கால் வழுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் ஃபீபி கம்பெனியில் போய் நொய்டா பயிற்சியைத் தானாகவே கேட்டு வாங்கினாள்.

"அப்ப என்ன எதுக்குடி இங்க விட்டுட்டுப் போன?"

"நீ பகல்லதானக்கா இருக்க. பகல்ல ஒண்ணும் பண்ணாதுன்னு நெனச்சேன்."

பிரிசில்லா போனை வைத்தாள். அதன்பிறகு ஃபீபி எத்தனை தரம் கூப்பிட்டும் எடுக்கவில்லை. பயத்தைவிட அந்த வார்த்தைதான் முதலில் உறைத்தது. சொந்தத் தங்கை, விஷயம் தெரிந்து, ஒரு பூச்சியையும் அவளையும் ஒரே கணக்கில் வைத்து, காவலுக்கு விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாளே வார்டு இன்சார்ஜிடம் போய் நர்சுகள் ஹாஸ்டலில் இடம் கேட்டாள். இன்சார்ஜ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஒரு கட்டில் காலியாகும், அதுவரைக்கும் வீட்டிலிருந்தே வா, ராத்திரி பேஷன்ட்டுக்குப் பக்கத்தில் தூங்கி விழாதே என்று மட்டும் சொன்னாள்.

திங்கள்வரை பகலில் எங்காவது படுத்துத்தான் ஆக வேண்டும். பெட்ரூம் கதவைச் சாத்தி, வெளியே தாழ்போட்டு, தாழ்ப்பாளில் துணியைச் சுற்றினாள். ஹாலில் பாய் விரித்து, பெட்டியை மேசையிலிருந்து இறக்கித் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள். தூங்குமுன் பட்டு எங்கே பார்க்கிறது என்று பார்ப்பாள். எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பாள். பட்டு பெட்ரூம் கதவைப் பார்த்தால் அவளுக்கு மூச்சு வரும். கதவு சாத்தியிருக்கிறது, உள்ளேதான் இருக்கிறது. புழுவின் தலையைக் கிள்ளி, கசிகிற நீரை அதன் வாயருகே கொண்டுபோவாள். பஞ்சை நனைத்துத் தண்ணீர் காட்டுவாள். குடிக்கும். தின்னாது. வயிறு சுருங்கிச் சுருங்கி உலர்ந்த திராட்சைபோல ஆகிவிட்டது. "தின்னுடி, என் தங்கமில்ல" என்று கெஞ்சுவாள். வார்டில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. முகத்துக்கு முன்னாலிருந்த குட்டைக் கைகளை அது மேலும் கீழும் ஆட்டும். கண்ணை மட்டும் கதவிலிருந்து எடுக்காது.

ஒரு நண்பகலில் கரண்ட் போனது. ஃபேன் நின்ற அமைதியில்தான் அவள் விழித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் வேர்வை. தெருவில் ஒரு சத்தமும் இல்லை, வெயிலுக்குப் பயந்து ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கோடு வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது. அந்த அமைதிக்குள் ஒரு சத்தம். ஈரமான கனத்த துணியை மொசைக் தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உரிப்பதுபோல. நின்றது. மறுபடி உரித்தது.

அவள் எழவில்லை. கண்ணை மட்டும் சாய்த்துத் தலைமாட்டைப் பார்த்தாள்.

பட்டு கதவைப் பார்க்கவில்லை. பெட்டியின் இந்தப் பக்கக் கண்ணாடிக்கு வந்திருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் மேலே தூக்கியிருந்தன. பார்வை அவள் முகத்துக்கு நேர் மேலே, ஒரு முழ உயரத்தில், காலியாக இருந்த காற்றில் நின்றது.

அவளுக்கு மேலே ஒன்றுமில்லை. நின்றுபோன ஃபேன். கூரை. ஆனால் நெற்றியில் குளிர்ச்சி பட்டது. திறந்த ஐஸ் பெட்டிக்குக் கீழே படுத்திருப்பதுபோல. ஒரு சொட்டு விழுந்தது. உதட்டோரம் வழிந்தது. அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்னொரு சொட்டு.

பட்டு அசையவில்லை. ஒல்லியாகிப்போன அந்தக் கால்கள் நடுங்குவது தெரிந்தது. அவ்வளவு சின்ன உடம்பு அவ்வளவு பெரிய எதையோ பார்த்து நின்றது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு பட்டுவின் முகம் மெதுவாக, மிக மெதுவாக, அவள் தலைக்கு மேலிருந்து விலகி, காலண்டர் பக்கம் போய், கதவுக்குத் திரும்பியது. கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றியது. தாழ்ப்பாளில் சுற்றியிருந்த துணி, போட்டது போட்டபடி இருந்தது. உதட்டோரம் வழிந்தது காய்ந்து வெள்ளைக் கோடாகியிருந்தது.

அன்று சாயங்காலம் பட்டு கூட்டுக்குள் போனது. மறுநாள் காலை அவள் வந்தபோதும் வெளியே வரவில்லை. கூட்டின் வாய் அடைத்திருந்தது. நூல் மேல் நூலாக நெய்து, பஞ்சுபோலக் கெட்டியாக, உள்ளே உருவம்கூடத் தெரியாமல். பிரிசில்லா கண்ணாடியில் தண்ணீர் தெளித்தாள். டார்ச் அடித்தாள். ஃபீபி செய்ததையே, பெட்டியைத் தட்டுவதை, அவளும் செய்தாள். செய்தபிறகு அவமானமாக இருந்தது. பெட்டியை மறுபடி மேசைமேல் வைத்தாள். அன்று அவள் வீட்டில் படுக்கவில்லை. வெளிப்படிக்கட்டில் தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, சுடுகிற சிமெண்டில் உட்கார்ந்தே தூங்கினாள். எதிர்வீட்டுப் பெண் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. இன்னும் முட்டையா முடிவா என்று தெரியவில்லை. கூடு மட்டும் வெள்ளையாகத் தொங்கியது.

திங்கட்கிழமை வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து முனிரத்தினத்தின் ஆட்டோவில் வந்தாள். காலையில் அவளைக் கொண்டுவிடுகிறவர் பெரும்பாலும் அவர்தான். ஐம்பது வயசு, அதிகம் பேசாத மனிதர். சாமான் கொஞ்சம்தான் எடுக்க வேண்டும், வேலூருக்கு பஸ் ஏற்றிவிடுங்கள், அதுவரை நில்லுங்கள் என்றாள். துணிகள் போனால் போகட்டும். நர்சிங் சர்டிபிகேட்டுகள் ஹால் அலமாரியில் இருந்தன. அப்புறம் பட்டு. உயிரோடு இருக்கிறதோ இல்லையோ, அதை அங்கே விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வரவில்லை.

"சீக்கிரம் வந்துடுங்க சிஸ்டர், வெயில் தாங்கல" என்றார் முனிரத்தினம்.

கதவைத் திறந்தாள். வாசனை முகத்தில் அறைந்தது.

பெட்ரூம் கதவு திறந்திருந்தது. தாழ்ப்பாள் துணி நனைந்து தரையில் கிடந்தது. உள்ளே பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் பார்த்தாள். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் பெயிண்ட் இல்லை, பூச்சு இல்லை. கூரையிலிருந்து தரைவரை செங்கல் பச்சைப் புண்போலச் சிவந்து, நீர் கோத்துத் தெரிந்தது. உரிந்தது முழுசும் ஒரே துண்டாகக் கட்டில்மேல் கிடந்தது. மாட்டுத்தோல் கனத்துக்கு. மடிந்து, ஈரமாக, மேலே பெயிண்டும் அடியில் உப்புமாக. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரே கிழிசல். கிழிசலின் ஓரங்கள் வெளிப்பக்கமாக மடிந்திருந்தன.

உள்ளே இருந்தது எதுவோ, அது உள்ளே இல்லை.

கட்டிலிலிருந்து ஒரு ஈரத்தடம் தரையில் இறங்கி ஹாலுக்கு வந்திருந்தது. மேசைக்கால் ஓரமாக ஏறியிருந்தது. பெட்டியின் மூடிமேல் உப்பு பூத்திருந்தது.

அவள் சர்டிபிகேட் கவரை இழுத்தாள். பெட்டியைத் துப்பட்டாவோடு சேர்த்து அள்ளினாள். வெளியே வந்தாள். கதவைச் சாத்தவில்லை, பூட்டவில்லை. வெயில் தலையில் இறங்கியது. அந்தச் சூடு, அந்தக் கண்கூசும் வெளிச்சம், கீழே நிற்கும் மஞ்சள் ஆட்டோ, தண்டவாளப் பக்கம் தூரத்தில் ரயிலின் ஹாரன். எல்லாம் எப்போதும்போல இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது. படியின் மேல்முனையிலேயே நின்று மூச்சு வாங்கினாள்.

கையில் பெட்டி மெல்ல அதிர்ந்ததுபோல் இருந்தது. துப்பட்டாவை விலக்கிப் பார்த்தாள்.

கூட்டின் வாய் திறந்திருந்தது. பட்டு வெளியே வந்தது. வெறும் தோலும் ரோமமுமாக, ஒரு கால் இழுத்துக்கொண்டு, கண்ணாடியில் வழுக்கி வழுக்கி இறங்கி, அவளுக்கு எதிரே வந்து நின்றது. முகத்தை நிமிர்த்தியது. பழைய மாதிரி. அந்த இரண்டு பெரிய கருங்கண்கள் அவளை நோக்கித் திரும்பின.

"பட்டு" என்றாள் பிரிசில்லா. "நான்தான்டி. போயிடலாம். முடிஞ்சிடுச்சு."

பட்டு முன்னங்கால்களைத் தூக்கியது.

அவள் சிரிக்கப் பார்த்தாள். என்னையே மறந்துவிட்டாயா என்று கேட்கப் பார்த்தாள். அப்போதுதான் அந்தப் பார்வை தன் முகத்தில் இல்லை என்று தெரிந்தது. உச்சந்தலைக்கு மேலே இருந்தது. பிறகு இறங்கியது. நெற்றி உயரத்துக்கு. காது உயரத்துக்கு. மெதுவாக, இடது பக்கமாக.

அவள் அசையவில்லை. பெட்டியும் அசையவில்லை. பட்டு மட்டும் திரும்பிக்கொண்டிருந்தது.

கீழே முனிரத்தினம் கவரை வாங்கிக்கொள்ள ஆட்டோவிலிருந்து இறங்கினார். "குடுங்க சிஸ்டர்" என்று கையை நீட்டிக்கொண்டே அண்ணாந்தார். கை அப்படியே நின்றது. அவர் கண்கள் அவள் முகத்தில் நிற்கவில்லை. மேலே போயின. பிறகு இறங்கின. அவள் காதுப் பக்கமாக. முகத்தைத் திருப்பாமலே ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொரு அடி. கையைப் பின்னால் நீட்டித் துழாவி ஆட்டோவைத் தொட்டார். ரயில் தடதடத்துக்கொண்டு ஊரைக் கடந்தது. அது கடந்து முடிந்தபோது ஆட்டோ இல்லை.

பிடரியில் ஈரம் பட்டது. குளிர்ந்த, கனத்த ஈரம். தோளில் மெல்ல அமர்ந்து, நன்றாகச் சாய்ந்துகொண்டது. மூக்கில் உப்பு. நாக்கில் உப்பு. வெயில் அவள்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் சுடவில்லை.

திரும்பக்கூடாது. அவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. பட்டுவைப் பார்த்தாள். நீ பார், நீ பார்த்துக்கொண்டே இரு.

பட்டு கால்களைக் கீழே இறக்கியது. ஒன்று, பிறகு மற்றொன்று. கண்ணை எடுக்காமல் பின்னோக்கியே நடந்து, கண்ணாடியில் ஏறி, பின்னோக்கியே கூட்டுக்குள் நுழைந்தது. கடைசியாக உள்ளே போனது முகம். அதன்பிறகு உள்ளேயே திரும்பி, வயிற்றின் நுனி இங்கும் அங்கும் போய்வர, அவசர அவசரமாக, ஒரு நூல்கூட விட்டுப்போகாமல், அது கூட்டின் வாயைத் தைத்து மூடத் தொடங்கியது.